வாசகர் கேள்வி – பதில்: சிரிக்கச் சொல்வதற்கு முந்தைய நொடி

கேள்வி: சென்ற மே மாதம் குடும்பத்துடன் இராமேசுவரம், தனுஷ்கோடி சென்றோம். கைப்பேசியில் அறுநூறு படங்கள் எடுத்தேன். எல்லாவற்றிலும் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். முகங்களோ இருண்டு கிடக்கின்றன. மறுபடி எடுத்துப் பார்க்கவே தோன்றவில்லை. என்ன தவறு செய்தேன்?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: முகம் இருண்டதற்கு நடுப்பகல் வெயிலே காரணம். வெயில் உச்சியில் இறங்கும்போது கண்குழியிலும் மூக்கின் கீழும் நிழல் தங்கிவிடும். போதாக்குறைக்குத் தனுஷ்கோடியில் மணலும் கடலும் பின்னால் பளீரென்று இருப்பதால், கேமரா அந்த வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டு ஆட்களைக் கருக்கிவிடுகிறது. திரையில் முகம் தெரியும் இடத்தை விரலால் ஒருமுறை தொட்டால் ஒளியளவு முகத்துக்கு ஏற்றபடி மாறும். அதைவிட நல்லது, 1964ஆம் ஆண்டுப் புயலில் இடிந்த தேவாலயச் சுவரின் நிழலில் அவர்களை நிறுத்துவது.

வரிசையாக நிற்பது ஃபிலிம் காலத்துப் பழக்கம். ஒரு சுருளில் 36 படங்கள்தான் என்றிருந்தபோது, ஒருவரும் விடுபடக்கூடாதே என்று எல்லோரையும் நிறுத்தி எடுத்தோம். அந்தக் கட்டாயம் போன பிறகும் நிற்பதை மட்டும் விடவில்லை. என் பாட்டிக்கு எங்கள் வீட்டில் இருப்பது ஸ்டூடியோ நாற்காலியில் விறைப்பாக அமர்ந்த ஒரே படம். வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, நரம்பை நகத்தால் உரித்து, பின்புறத்தில் சுண்ணாம்பு தடவும் அவருடைய விரல்களை யாரும் எடுக்கவில்லை; எனக்கு இன்று வேண்டியது அந்தப் படம்தான். ஆகவே அடுத்த பயணத்தில், ‘சிரிங்க’ என்று சொல்வதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்: வேனில் புளியோதரைப் பொட்டலம் பிரிக்கும் கை, அலைக்குப் பயந்து தாத்தாவின் வேட்டியைப் பற்றும் பேத்தி. (அறுநூறில் நீங்கள் எத்தனை படங்களில் இருக்கிறீர்கள் என்றும் எண்ணிப் பாருங்கள், எடுப்பவர் எப்போதும் விடுபட்டுப் போகிறார்.) ஊர் திரும்பியதும் நாற்பதைத் தேர்ந்து அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் 1986ஆம் ஆண்டுத் திருமண ஆல்பத்தில், பசை தடவிய அட்டையோடு படங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. பிரித்தெடுத்து, வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இழுத்துப் பிரிக்காதீர்கள். முதலில் மேலுள்ள பிளாஸ்டிக் தாளை மட்டும் மெல்ல விலக்கி, சன்னலோர வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஏதேனும் கிழிந்தாலும் அந்தப் பிரதி மிஞ்சும். அதன்பின் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு அறுப்பதுபோல் நகர்த்தினால் பெரும்பாலும் கழன்று வரும்; வராததை விட்டுவிடுவதே நல்லது. கழன்றவற்றை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கிப்போகும் என்பதால் ‘டாக்குமென்ட்’ வழியாக அனுப்புங்கள். படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் அழுத்தம் முன்பக்கம் தெரியும். எண் கொடுத்து, பெயர்களைத் தனி நோட்டில் எழுதுங்கள். பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சிறுவன் யாரென்று சொல்லத் தெரிந்தவர் உங்கள் பெரியத்தை ஒருவர்தான் என்றால், ஸ்கேனர் தேடுவதற்கு முன் ஆல்பத்தோடு அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள்.