உங்கள் பகுதி காவல் நிலையத்தின் செயல்பாட்டில் உங்களுக்குத் திருப்தியா?

பாதித் திருப்தி. தெருவில் நிற்கிற போலீஸ்மேல் எனக்குப் பெரிய குறை கிடையாது. ஸ்டேஷனுக்குள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற போலீஸ்மேல்தான் குறை.

நான் இருப்பது தமிழ்நாட்டில் ஒரு நகராட்சி ஊர். ஊர்ப் பெயரும் ஸ்டேஷன் பெயரும் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகும்போது ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போனால், இரவு ரோந்து வருகிறவர் கேட்டில் தொங்குகிற பட்டா நோட்டில், அதாவது ரோந்து வந்ததைப் பதிகிற நோட்டில், நேரம் போட்டுக் கையெழுத்திட்டுப் போவார். திரும்பி வந்து புரட்டினால் 1.40, 2.15, 3.05 என்று வரிசையாக இருக்கும். மழை பெய்த ராத்திரியிலும் விடுபடாது. தெருமுனையில் இரண்டு குடும்பங்கள் அரிவாளோடு நின்ற ஒரு ராத்திரி 100-க்குப் போன் செய்தோம். ஜீப்பில் வந்த எஸ்.ஐ. யார்மேலும் கை வைக்காமல், இரண்டு தரப்பையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசி அனுப்பினார். தேர்த் திருவிழா அன்று விடிகாலையில் வடம் பக்கத்தில் நிற்கிற ஏட்டையா, ராத்திரி பதினோரு மணிக்கும் அங்கேயேதான் நிற்பார். நாட்டில் போலீஸ்காரர்கள் சராசரியாக நாளுக்கு 14 மணி நேரம் வேலை பார்க்கிறார்கள் என்று காமன் காஸ் என்ற தன்னார்வ அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். என்ற ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. வாரம் ஒரு நாள் ஓய்வு என்று தமிழக அரசு 2021-ல் உத்தரவு போட்டது. பந்தோபஸ்து வந்தால் அந்த ஓய்வு என்ன ஆகிறது என்பதைக் காவலர் வீட்டு ஆட்களிடம்தான் கேட்க வேண்டும்.

சரி, மேஜைக்கு வருவோம்.

வாசலில் நிறுத்தியிருந்த என் பைக் திருடு போனது. புகாரை வாங்கிப் படித்த ரைட்டர் (ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற போலீஸ்காரர்), "சார், திருடு போச்சுன்னு எழுதாதீங்க. நிறுத்தின இடத்துல காணோம்னு எழுதிக் குடுங்க, இப்பவே சி.எஸ்.ஆர். போட்டுத் தந்துடறேன்" என்றார். அதட்டவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். காரணம் எளிது. எஃப்.ஐ.ஆர். போட்டால் அது குற்றக் கணக்கில் ஏறும். கிரைம் மீட்டிங்கில் "உன் லிமிட்ல ஏன் இத்தனை திருட்டு, எத்தனை பிடிச்சே?" என்று இன்ஸ்பெக்டரைக் கேட்பார்கள். சி.எஸ்.ஆர். ரசீது அந்தக் கணக்கில் வராது. மனுவை வாங்கிக்கொண்டோம் என்பதற்கு ஒரு அத்தாட்சி, அவ்வளவுதான். ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும், பிறகு வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் தரும் அறிக்கையும் வேண்டும். ரசீதை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

நான் மாற்றி எழுதித் தரவில்லை. "அப்புறம் வாங்க", "அய்யா பந்தோபஸ்துல இருக்கார்" என்று இழுத்தார்கள். எஸ்.பி. ஆபீஸில் புதன்கிழமை குறைதீர் முகாமில் மனு கொடுத்த பிறகு ஸ்டேஷனிலிருந்தே போன் வந்தது, எஃப்.ஐ.ஆர். பதிவானது. வண்டி கிடைக்கவில்லை. அதற்காக அவர்களைத் திட்ட மாட்டேன். நம்பர் பிளேட்டை மாற்றி, எஞ்சினைக் கழற்றி விற்றுவிட்டால் யார்தான் என்ன செய்வது? எரிச்சல் எதிலென்றால், நான் பெஞ்சில் காத்திருந்தபோதே வார்டு கவுன்சிலரோடு வந்த ஒருவரை நேரே உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, அன்றைக்கே வேலையை முடித்து அனுப்பினார்கள்.

"ஸ்டேஷனுக்குத் தனியாப் போகாதே" என்று எங்கள் வீட்டில் சொல்வது இதனால் மட்டுமில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்ததிலிருந்து, கடை வைத்திருக்கிற என் மாமா காக்கிச் சட்டை வாசலில் நின்றாலே பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். எங்கள் ஊர் ஸ்டேஷன் அவரை ஒன்றும் செய்ததில்லை. ஆனாலும் அப்படித்தான்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்பது புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி, "இது எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பக்கூடாது, எஃப்.ஐ.ஆர். நகலையும் இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதிலும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

இதையெல்லாம் ரைட்டரிடம் ஒப்பித்தால் "சட்டம் பேசறியா?" என்று ஒரு பார்வை வரும். அதனால் வாதாட வேண்டாம். புகாரை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் சீலும் தேதியும் கேளுங்கள். தரவில்லையா, அன்றைக்கே எஸ்.பி. ஆபீஸுக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டு அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தொலைந்தது லைசென்ஸ், ஆர்.சி. மாதிரி ஆவணம் மட்டும்தான் என்றால் ஸ்டேஷன் பக்கமே போக வேண்டியதில்லை, தமிழ்நாடு போலீஸ் இணையதளத்திலேயே அதற்கான அறிக்கையை எடுத்துக்கொள்ளலாம்.