முதல் தடவை ஒரே ஒரு தடவைதான்

வணக்கம்,

கேம்கள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். வேலை முடிந்த இரவுகளில் ஆர்பிஜி மேக்கர் எம்வி என்ற கேம் செய்யும் மென்பொருளில் தனியாக ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறேன். டெமோ தயாரானதும் தெரிந்தவர்கள் சிலரிடம் கொடுத்தேன். பெரும்பாலானவர்கள் "சூப்பர், நல்லா இருக்கு" என்றார்கள். ஒருவர் மட்டும் நீளமான பட்டியல் அனுப்பினார். சண்டைகள் மிக அதிகம், குகை குழப்புகிறது, கதாநாயகி ஓயாமல் பேசுகிறாள், பெரிய எதிரியான பாஸ் சப்பை, பேசாமல் ஆக்‌ஷன் கேமாக மாற்றிவிட்டால் தேறும் என்று. அதன்பிறகு கேமைத் திறக்கவே மனசு வரவில்லை. இதில் எதைக் கேட்பது, எதை விடுவது? இன்னொன்று, அவரும் ஒரு கேம் செய்து என்னிடம் கொடுத்திருக்கிறார். எப்படிச் சொன்னால் அவருக்கு உதவும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் டெமோவை உண்மையிலேயே விளையாடியவர் அந்தப் பட்டியல்காரர்தான். குகை குழப்புகிறது என்று சொல்ல குகைவரை போயிருக்க வேண்டுமே. மற்றவர்கள் எதுவரை போனார்கள் என்று கேட்டீர்களா? "பிடித்ததா?" என்று கேட்டால் நட்புதான் பதில் சொல்லும். "எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் ஊரைத் தாண்டவே இல்லை என்று பாதிப் பேர் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். அது எந்தப் பாராட்டையும்விடப் பயனுள்ள தகவல்.

சரி, பட்டியலுக்கு வருவோம். அதில் இரண்டு வகைச் சரக்கு கலந்து கிடக்கிறது. தனக்கு என்ன நேர்ந்தது என்பது ஒன்று. நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதை அப்படியே நம்புங்கள். அவருக்கு அலுத்தது என்றால் அலுத்ததுதான், அதில் வாதாட ஒன்றுமில்லை. இரண்டாவதைச் சந்தேகத்தோடு படியுங்கள். உங்கள் கேமின் உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

"சண்டைகள் அதிகம்" என்பதையே எடுத்துக்கொள்வோம். எம்வியில் ஒரு மேப்புக்குச் சராசரியாக நாயகன் நடக்கும் 30 அடிக்கு (ஒரு கட்டம் நகர்ந்தால் ஒரு அடி) ஒரு சண்டை என்பதுதான் ஆரம்ப அமைப்பு. கேம் 0 முதல் 29 வரை இரண்டு எண்களைக் குலுக்கி எடுத்து, கூட்டி, ஒன்று சேர்த்துக்கொள்கிறது. ஆக அடுத்த சண்டை முதல் அடியிலேயே வரலாம், 59-ஆவது அடியிலும் வரலாம். இப்போது நேரத்தைப் பாருங்கள். சாதாரண நடையில் நாயகன் ஒரு நொடிக்கு 3.75 கட்டம் நகர்கிறான். 30 அடி என்பது 8 நொடி. ஓடினால் வேகம் இரட்டிப்பாகும், ஆனால் அடிக்கணக்கு அப்படியே இருக்கும். அதாவது ஓடுகிறவருக்கு 4 நொடிக்கு ஒரு சண்டை! உங்களுக்கு வழி தெரியும். குகையை நேராகக் கடந்துவிடுவீர்கள், வழியில் இரண்டு மூன்று சண்டை வந்தால் அதிகம். வழி தெரியாதவர் முட்டுச்சந்தில் நுழைந்து, திரும்பி, மறுபடி நுழைந்து, நீங்கள் நடப்பதைப் போலப் பல மடங்கு நடக்கிறார். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு வௌவால் காத்திருக்கிறது.

அப்படியானால் அவருடைய முதல் புகாரும் இரண்டாவது புகாரும் ஒன்றாகவே இருக்கலாம். அவர் சொல்வதைக் கேட்டுச் சண்டைகளைப் பாதியாகக் குறைத்தால், வழியைச் சட்டென்று கண்டுபிடிக்கிறவர் சண்டையிட்டு ஏறும் பலமான லெவல் போதிய அளவு ஏறாமல் பாஸிடம் போய் அடிவாங்குவார். பிறகு "பாஸ் கொடூரம்" என்று புதிதாக ஒரு கடிதம் வரும். முதலில் குகையைச் சரிசெய்யுங்கள். போன வழிக்கும் போகாத வழிக்கும் வித்தியாசம் தெரியும்படி ஏதாவது வையுங்கள். சண்டை எண்ணிக்கையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பாஸ் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். எம்வியின் சாதாரண அடிக்கான சூத்திரம், அடிக்கிறவரின் அட்டாக்கை (தாக்கும் பலம்) நான்கால் பெருக்கி, வாங்குகிறவரின் டிஃபென்ஸை (தாங்கும் பலம்) இரண்டால் பெருக்கிக் கழிப்பது. நாயகனின் அட்டாக் 20, பாஸின் டிஃபென்ஸ் 30 என்றால் 80-இல் 60 போக 20 புள்ளி அடி விழும், முன்னே பின்னே கொஞ்சம். டிஃபென்ஸை 35 ஆக்கினால் 10. 40 ஆக்கினால் பூஜ்யம். "சப்பை" என்று ஒருவர் சொன்ன கோபத்தில் பத்தைக் கூட்டினீர்கள் என்றால், வாளால் வெட்டவே முடியாத பாஸ் கிடைப்பான். பாஸைக் கடினமாக்க வேண்டுமென்றால் உயிரளவைக் கூட்டிப் பாருங்கள், அல்லது அவன் செய்யும் காரியங்களை மாற்றுங்கள். எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

கதாநாயகியின் பேச்சைக் குறையுங்கள். இதை உங்கள் கேமைப் பார்க்காமலேயே சொல்லலாம்.

ஆக்‌ஷன் கேமாக மாற்றச் சொன்னது அவருடைய ருசி. அவர் விளையாட விரும்பும் கேம் அது, அவ்வளவுதான். 2011-இல் ஆர்பிஜி மேக்கர் எக்ஸ்பியில் வந்த 'டு தி மூன்' கேமில் சண்டை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. 'ஆர்பிஜி மேக்கர் 2003' என்ற பதிப்பில் செய்யப்பட்டு 2004-இல் வெளியான 'யுமே நிக்கி'யில் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. இரண்டையும் டெமோவாக யாரிடமாவது கொடுத்திருந்தால், "சண்டை சேருங்கள்", "குறிக்கோள் வையுங்கள்" என்று அன்போடு எழுதித் தந்திருப்பார்கள். கேம் எதற்கு முயல்கிறது என்பதை வைத்துத்தான் புகாரை எடைபோட முடியும். ஆனால் இதை ஒரு கவசமாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். குகையில் வழி தெரியாதது உங்கள் கலைக் கொள்கையா என்ன?

டெமோ கொடுக்கும் முறையிலும் ஒன்று கவனிக்க வேண்டும். ஒருவருடைய முதல் தடவை ஒரு தடவைதான் கிடைக்கும். உங்கள் கேமைப் பற்றி எதுவும் தெரியாத மனிதர் என்பது தீர்ந்துபோகிற பொருள். நீங்களே அதை என்றைக்கோ தீர்த்துவிட்டீர்கள். எல்லோரிடமும் ஒரே நாளில் கொடுத்தால் எல்லோரும் ஒரே முட்டுச்சந்தில் முட்டி, ஒரே புகாரைச் சொல்லி முடித்துவிடுவார்கள். திருத்திய குகை தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க ஆள் மிஞ்சமாட்டார்கள். இரண்டிரண்டு பேராகக் கொடுங்கள், நடுவில் திருத்துங்கள். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், வாயைத் திறக்காமல். "அந்தக் கதவுக்குப் போங்க" என்று சொன்ன அந்த நொடியில் சோதனை முடிந்துவிடுகிறது. இது மிகவும் கஷ்டம், கை பரபரக்கும்.

இனி அவருடைய கேம். நீங்கள் செய்ய வேண்டியது, நடந்ததை நடந்த இடத்தோடு எழுதுவது. "கேம் தொங்குகிறது" என்று எழுதினால் அவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். "கிழவரிடம் இரண்டாவது முறை பேசியதும் நகர முடியவில்லை, மெனுவும் திறக்கவில்லை, ஆனால் இசை ஓடுகிறது, ஆற்றில் தண்ணீர் அசைகிறது" என்று எழுதிப் பாருங்கள். தானாக ஓடும் ஒரு ஈவென்ட்டை (கேமுக்குள் நடக்கும் நிகழ்வை) நிறுத்த சுவிட்ச் போட மறந்துவிட்டோம் என்று அவருக்குப் பெரும்பாலும் உடனே பிடிபட்டுவிடும். அலுப்பையும் இப்படியே எழுதலாம்: மூன்றாவது அறையில் நான்காவது முறையாக அதே எலும்புக்கூடு வந்தபோது சண்டைக் காட்சியைப் பார்க்காமல் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன். இதில் திட்டு எங்கே இருக்கிறது? பிடித்த இடங்களையும் இதே துல்லியத்தோடு சொல்லுங்கள். மரியாதைக்காகச் சொல்லச் சொல்லவில்லை. எது வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால், திருத்தும் வேகத்தில் அதையும் சேர்த்துத் தூக்கிவிடுவார்.

தீர்வு ஏதாவது தோன்றினால் கடைசியில், தனியாக, ஒன்றிரண்டு வரியில் வையுங்கள். எழுத்துப் பிழைகளைக் கேம் முடியும் தறுவாயில் இருந்தால் மட்டும் பட்டியலிடுங்கள். நாளைக்கே நீக்கப்போகிற வசனத்துக்கு ஒற்று சரிபார்த்துப் பயனில்லை.

அந்தப் பட்டியலுக்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை என்று நினைக்கிறேன். எழுதுங்கள். ஏன் அப்படிச் செய்தேன் என்ற விளக்கம் எதுவும் வேண்டாம். நன்றி சொல்லிவிட்டு, அவருடைய சேவ் ஃபைலைக் கேளுங்கள். கணினியில் விளையாடியிருந்தால் கேம் ஃபோல்டருக்குள் சேவ் என்ற ஃபோல்டரில் கிடக்கும். அதை உங்கள் ப்ராஜெக்டில் வைத்துத் திறந்தால், அவர் எந்த லெவலில், என்னென்ன ஆயுதங்களோடு, எங்கே நின்று சேவ் செய்தார் என்பதெல்லாம் தெரியும். பாஸ் சப்பையா, அல்லது குகையில் அலைந்து அலைந்து அவர் லெவல்தான் ஏகத்துக்கும் ஏறிவிட்டதா என்று அதில் பார்த்துவிடலாம்.

அன்புடன்.