மணிநேரம் குறைவு என்று மயங்க வேண்டாம்

வணக்கம். ஒன்று 1975 செஸ்னா 172 சிறு விமானம், ஓவர்ஹாலுக்குப் பின் (இன்ஜினைப் பிரித்துப் புதுப்பித்த பின்) ஓடியது 1,400 மணிநேரம், வாராவாரம் பறக்கிறது. இன்னொன்று 1978 மாடல், 300 மணிநேரம்தான், ஆனால் ஆறு வருடமாக ஹேங்கரில் நிற்கிறது. எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முதலாவதைத்தான் பார்ப்பேன். இவற்றிலுள்ள லைகோமிங் இன்ஜின்களில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மேலே இருக்கிறது. சும்மா நின்றால் எண்ணெய் வடிந்து, துருப்பிடிக்கும். 1978 மாடலில் வந்த ஓ-320-எச்2ஏடி இன்ஜினில் கேம் தேய்மானம் பழைய தலைவலி வேறு.

சரி, 1975ஐயும் அப்படியே வாங்கிவிடாதீர்கள். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கை அழைத்துப் போய் ஆயில் ஃபில்டரை அறுக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் காகித மடிப்பை விரித்து வெயிலில் பிடித்தால், உலோகத்தூள் இருந்தால் மினுங்கும். அது காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. காரணம் தெரியும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.