சப்பாத்திக்கு மாறியும் எடை குறையவில்லை, ஷேக் குடிக்கலாமா?

கேள்வி: வயது 46, உயரம் 154 செ.மீ., எடை 71 கிலோ. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறேன். ஓட்டல் பக்கமே போவதில்லை. இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறி ஆறு மாதமாகியும் எடை இறங்கவில்லை. எங்கள் தெரு நியூட்ரிஷன் கிளப்பில், காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பதில் பவுடர் கரைத்த ஷேக் குடித்தால் மாதம் 5 கிலோ குறையும் என்கிறார்கள். சேரலாமா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: சேர வேண்டாம்.

சோறா சப்பாத்தியா என்பதில் ஒன்றுமில்லை. எண்ணெய் விட்டுச் சுட்ட மூன்று சப்பாத்தியும் தேங்காய் அரைத்த குருமாவும் ஒரு தட்டு சாம்பார் சாதத்துக்குக் குறைந்ததல்ல. உங்கள் வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்று பாருங்கள். நான்கு பேருக்கு நான்கு லிட்டர் என்றால் ஆளுக்குத் தினமும் 30 மி.லி.க்கு மேல். அதிலேயே சுமார் 270 கலோரி. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும்.

"வீட்டுச் சாப்பாடுதான் டாக்டர்" என்பவர்கள் நாலு மணி மிக்சரையும், சர்க்கரை போடாத காபியோடு போகிற பிஸ்கட்டையும், பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த தோசையையும் சாப்பாட்டில் சேர்ப்பதே இல்லை. மூன்று நாள், வாயில் போட்ட எல்லாவற்றையும் நேரத்தோடு பால்கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள்.

இப்போது கிளப். இலவசமாகப் பார்க்கிறோம் என்று ஒரு மெஷினில் ஏற்றி, "உங்கள் உடம்புக்கு வயது 60" என்பார்கள். அந்த எண்ணை வைத்து எந்த டாக்டரும் மருந்து எழுதமாட்டார். இடுப்பளவு பெண்ணுக்கு 80, ஆணுக்கு 90 செ.மீ. தாண்டுகிறதா என்று டேப் வைத்துப் பார்த்தாலே போதும். முதல் மாதம் எடை குறைவது இரண்டு வேளைச் சாப்பாட்டை விட்டதால், பவுடரால் அல்ல. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப ஏறிவிடும். அதற்குள் உங்களையே இரண்டு பேரைச் சேர்த்துவிடச் சொல்வார்கள், கமிஷன் உண்டு என்று.

உங்களுக்கு இதில் தனி ஆபத்தும் இருக்கிறது. கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். மாத்திரையைப் போட்டுவிட்டு ஒரு டம்ளர் ஷேக்கோடு நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம்: வியர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல், மயக்கம். கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு, இன்சுலின் எடுப்பவர்களுக்கும் இதேதான். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்தப் பயம் குறைவு. சஷ்டி விரதத்துக்கும் இது பொருந்தும். டாக்டரைக் கேட்காமல் வேளை தவறாதீர்கள். நடுக்கம் வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பிறகு சாப்பிடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள்.

சர்க்கரை மாத்திரை இன்று வீடு தேடி வருகிறது. சாப்பாட்டைப் பற்றிப் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசத்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆளில்லை. டாக்டர் எதிரே வரிசை வாசல்வரை நிற்கிறது. அந்தக் காலி நாற்காலியில்தான் கிளப்பின் 'கோச்' வந்து உட்காருகிறார். உணவு ஆலோசகரை நியமிக்க இன்னும் எத்தனை வருடம் வேண்டும்?

தைராய்டு ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் 4 கிலோ குறைத்தாலே உங்கள் சர்க்கரைக்கு நல்லது. எடை இறங்க இறங்க மாத்திரை அளவும் குறைய வேண்டியிருக்கலாம். அந்த நோட்டோடு போய் டாக்டரிடம் கேளுங்கள்.