நாமினி வேறு, பெனிஃபிஷியரி வேறு

கேள்வி: கல்யாணமாகாத என் தம்பி இறந்துவிட்டார். காப்புறுதியில் என்னை நாமினியாகப் போட்டிருந்தார். பணம் முழுக்க எனக்கே என்கிறார் முகவர். அம்மாவுக்கும் பங்கு உண்டு என்கிறார் மாமா. அப்பா இல்லை, உயிலும் இல்லை. எது சரி? (வாசகி, செந்தூல், மலேசியா)

பதில்: சகோதரி, பங்கு என்ன, முழுப் பணமும் உங்கள் அம்மாவுக்குத்தான்.

பாரத்தில் மலாயில் ‘பெனாமா’ என்று இருக்கும், பாருங்கள். நம் ‘நாமம்’தான் அது, பெயர் கொடுக்கப்பட்டவர், அவ்வளவே. பணத்தை அனுபவிக்க உரிமை உள்ளவர்தான் பெனிஃபிஷியரி. நம் மக்கள் இரண்டுக்கும் ‘வாரிசு’ என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி, அக்காவை நாமினியாகப் போட்டால் அவர் பணத்தை வாங்கிப் பிரித்துக் கொடுப்பவர் மட்டுமே. முஸ்லிம் அல்லாதவர் கணவன், மனைவி, பிள்ளை பெயரைப் போட்டிருந்தால் கதை வேறு. பணம் நேரே அவர்களுக்குச் சொந்தம், கடன்காரர்கூடத் தொட முடியாது. பெற்றோருக்கும் அப்படியே. ஆனால் பெயர் போடும் நாளில் காப்புறுதி எடுத்தவருக்குக் கணவனோ மனைவியோ பிள்ளையோ உயிரோடு இருக்கக் கூடாது. மறுபடியும் சொல்கிறேன்: இறக்கும் நாள் கணக்கில்லை, பெயர் போடும் நாள்தான் கணக்கு. தம்பி அன்று அம்மா பெயரைப் போட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

இ.பி.எஃப் என்னும் ஊழியர் சேமநிதியில் தம்பி உங்களை நாமினியாகப் போட்டிருந்தாரா? முஸ்லிம் அல்லாதவர் என்றால் அந்தப் பணம் உங்களுடையதே. ஒரே சொல், ஆனால் இரண்டு இடத்தில் இரண்டு பொருள்! கையெழுத்து வாங்கும்போது இதை ஒரு வரியில் எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? எத்தனை குடும்பம் இதனால் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடக்கிறது.

அப்புறம், துக்க வீட்டைத் தேடி வந்து “பத்து விழுக்காடு கொடுங்கள், முடித்துத் தருகிறேன்” என்பவரிடம் அடையாளக் கார்டு நகலைக்கூடக் கொடுக்காதீர்கள். இறப்புச் சான்றிதழோடு நீங்களே நிறுவனத்துக்குப் போய்ப் பாரத்தை நிரப்பலாம்.

காசோலை உங்கள் பெயரில் வரும். தனிக் கணக்கில் போடுங்கள். ஈமச் செலவு, தம்பியின் கடன் இருந்தால் அது, இவை போக மிச்சம் 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டப்படி அம்மாவுக்கு. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். அம்மா மனமுவந்து உங்களுக்கு ஏதாவது தந்தால் வாங்கிக்கொள்ளலாம். அதையும் எழுத்தில் வாங்கி, மாமாவைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.