மருந்தடிக்க முன்னம் கொஞ்சம் பாருங்கோ

மாரி தொடங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி "இது என்ன பூச்சி, என்ன மருந்து அடிக்கலாம்" என்றுதான் இருக்கும். இந்த முறையும் அப்படித்தான். ஒரு சின்ன வேண்டுகோள்: படம் அனுப்பும்போது பூச்சி இருந்த மரத்தின் பெயரையும் எழுதுங்கள். மரம் தெரிந்தால் புழுவின் பெயர் பாதி தெரிந்த மாதிரி.

முற்றத்துத் தேசிக்கன்றின் இலைகளில் குருவி எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தது. தட்டிவிடப் போனால் அசைகிறது! கன்றில் பாதி இலை இல்லை. (கொக்குவில்)

எச்சம் என்று உங்களை நம்பவைத்தது புழுவின் கெட்டித்தனம். அது தேசி வண்ணாத்திப்பூச்சியின் புழு. சின்ன வயதில் கறுப்பும் மண்ணிறமுமாய், இடையில் வெள்ளைத் திட்டோடு இருக்கும். எச்சத்தை எந்தக் குருவி கொத்தித் தின்னும்? கடைசி முறை தோல் உரித்ததும் பச்சையாகி, இலையோடு இலையாய் மறைந்துவிடும். அந்த நேரம் பார்த்து ஒரு ஈர்க்கால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் கவர்விட்ட கொம்பு ஒன்று பிதுங்கி வரும், கூடவே மூக்கைச் சுளிக்கவைக்கும் ஒரு நெடி. கொஞ்ச நேரத்தில் கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போலத் திரும்பவும் தின்னத் தொடங்கும்.

கன்று முழங்கால் உயரம்தான் என்றால் புழுவை இலையோடு கிள்ளி, பெரிய தேசிமரம் ஒன்றில் விடுங்கள். கறிவேப்பிலை, விளாத்தி, கோயில் வில்வம் எல்லாவற்றிலும் இந்தப் புழு வளரும். ஆனால் ஒன்றில் தின்று பழகியதை இடையில் மாற்றினால் சாப்பிடாமல் கிடக்கவும் கூடும். தேசிக்குத் தேசியே நல்லது. ஆள் உயர மரம் என்றால் விட்டுவிடுங்கள், துளிர்த்துவிடும்.

கூட்டுப்புழுவைப் போத்தலில் போட்டுப் பிள்ளைகளுக்குக் காட்ட விருப்பமென்றால் ஒன்று சொல்லவேண்டும். சின்ன வயதில் நானும் ஒரு ஜாம் போத்தலில் வைத்து நாள்கணக்காகக் காத்திருந்தேன். கடைசியில் கூட்டில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை விழுந்து, எறும்பை விடச் சின்னக் குளவிகள் வரிசையாக வெளியே வந்தன. தாய்க்குளவி முன்னமே உள்ளே முட்டை இட்டிருக்கிறது. அண்டைக்கு அழுதேன். இப்போதென்றால் அதையும் எண்ணிக் குறித்து வைத்திருப்பேன்.

முருங்கை அடிமரம் முழுக்க மயிர்க்கொட்டி. கொடியில் காயப்போட்ட உடுப்பைப் போட்டாலே கடிக்கிறது. (சாவகச்சேரி)

பகலில் அடிமரத்தில் அப்பிக்கொண்டிருந்து, இரவில் இலைக்கு ஏறும் கூட்டம் இது. எங்கள் ஊரில் ஓலைச்சூள் கொளுத்திச் சுடுவார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. சூட்டில் மயிர் காற்றில் பறக்கும், மரத்தின் பட்டையும் வெந்துபோகும். நீளமான தடியில் பழைய சாக்கைச் சுற்றி, சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் வழித்துவிடுங்கள். முழுக்கைச் சட்டை கட்டாயம். உடுப்புக் கொடியை இப்போதைக்கு வேறு பக்கம் கட்டுங்கள்.

மயிர் பட்ட இடத்தைத் தேய்க்கவேண்டாம். செலோரேப்பை ஒட்டி இழுத்தால் மயிர் அதோடு வரும். அப்புறம் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கைமருந்து ஒன்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வேலியில் ஏழெட்டுப் புலுனிகள். எல்லாம் சேர்ந்து தங்கள் இனமே இல்லாத ஒரு குஞ்சுக்குத் தீத்துகின்றன. பாவப்பட்டு எடுத்து வளர்க்கின்றனவா? (அளவெட்டி)

பாவமும் இல்லை, தத்தும் இல்லை. ஏமாந்துபோய்விட்டன. தலையில் சின்னக் கொண்டை தெரிந்தால் அது பெரும்பாலும் சுடலைக்குயிலின் குஞ்சு. காகக் கூட்டில் குயில் முட்டையிடுவது எல்லோருக்கும் தெரிந்த கதை. கறுப்பும் வெள்ளையுமான சுடலைக்குயிலுக்குப் புலுனிக் கூடுதான் வாய்ப்பு. முட்டையும் புலுனி முட்டை போலவே நீலம். புலுனிகள் கூட்டுக்குடும்பமாக வாழ்பவை, பெற்றவர் மட்டுமல்ல, மற்றவையும் சேர்ந்து குஞ்சுக்கு இரை கொடுக்கும். அந்தப் பழக்கமே குயில் குஞ்சுக்கு வசதியாகிவிட்டது.

குஞ்சைப் பிரிக்க நினைக்காதீர்கள். மற்றப் பறவைகள் கிட்டவும் போகாத மயிர்க்கொட்டியைச் சுடலைக்குயில் விரும்பித் தின்னும், அதுவும் விழுங்கமுன் சொண்டால் நசித்துக் குடலைப் பிதுக்கிப்போட்டு. சாவகச்சேரிக்காரர் இதைக் கவனிக்கவும்.

மோட்டார் சைக்கிள் கண்ணாடியை ஒரு தேன்சிட்டு நாள் முழுக்கக் கொத்துகிறது. (பருத்தித்துறை)

கண்ணாடியில் தெரிவது தன் இடத்துக்குள் நுழைந்த இன்னொரு ஆண் என்று நினைத்துச் சண்டை பிடிக்கிறது. கூடு கட்டும் காலம் முடியும்வரை நிறுத்தியதும் கண்ணாடிக்குப் பழைய காலுறை ஒன்றைப் போட்டுவிடுங்கள். சரியாகிவிடும்.

விடிய எழும்பிப் பார்த்தால் விறாந்தையில் ஒரு குருவி. பச்சை முதுகு, வால் அடியில் சிவப்பு, கட்டை வால். காயமில்லை, ஆனால் பறக்கவில்லை. (ஊர்காவற்றுறை)

நல்ல விருந்தாளி வந்திருக்கிறார்! ஆறுமணிக்குருவி. இந்தியாவில் குஞ்சு பொரித்துவிட்டு ஒக்டோபர் அளவில் கடல் தாண்டி வந்து, ஏப்ரல் மட்டும் எங்கள் வளவுகளில் நிற்கும். காலையும் மாலையும் ஆறு மணியளவில் இரண்டு சுரத்தில் சீழ்க்கையடிப்பதால் அந்தப் பெயர். பயணம் இரவில்தான். களைத்துப்போய் வெளிச்சத்துக்கு மயங்கி வீட்டுக்குள் விழுவது புதிதல்ல.

ஓட்டை போட்ட காட்போட் பெட்டிக்குள் துணி விரித்து, இருட்டான, பூனை வராத இடத்தில் வையுங்கள். சொண்டைத் திறந்து தண்ணீர் பருக்கவேண்டாம், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். சோறும் வேண்டாம், அது புழு பூச்சி தின்னும் குருவி. பின்னேரம் பற்றைக்குப் பக்கத்தில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். அப்பவும் எழும்பாவிட்டால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வளர்க்கிற எண்ணம் வேண்டாம், சட்டமும் விடாது.

பூநாரை பார்க்க எங்கே போகலாம்? (நல்லூர், 9 வயது)

அப்பாவைச் சுண்டிக்குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். 1938இல் பறவைகள் சரணாலயமாக்கி, 2015இல் தேசிய பூங்காவாக்கிய இடம். அவ்வளவு தூரம் ஏலாதென்றால் பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுப் பக்கம் போகும்போது ஆழமில்லாத தண்ணீரைப் பாருங்கள். தலையைக் கவிழ்த்து, சொண்டைத் தலைகீழாக வைத்துத் தண்ணீரை அரித்துக்கொண்டு நிற்பவைதான் அவை. குஞ்சுகள் சாம்பல் நிறம், ஆகவே "இது பூநாரை இல்லை" என்று அப்பா சொன்னாலும் நம்பாதையுங்கோ.