ஷேக்ஸ்பியரைச் சொல் சொல்லாகத் தொகுத்தவர்

கேள்வி: ஷேக்ஸ்பியரின் நீதி வரிகளைத் திரட்டிப் புத்தகம் போட்ட விக்டோரியா காலத்துப் பெண்மணி ஒருவர் உண்டாமே, யார் அவர்? பிறர் எழுதியதைத் தொகுப்பதில் அப்படி என்ன பெருமை?

பதில்: அவர் மேரி கவ்டன் கிளார்க். நீங்கள் சொல்லும் ‘ஷேக்ஸ்பியர் புராவெர்ப்ஸ்’ 1848இல் வந்தது. அதைவிடப் பெரிய வேலை ஒன்றை அதற்கு முன்பே முடித்திருந்தார்.

லண்டன் இசைப் பதிப்பாளர் வின்சென்ட் நோவெல்லோவின் மகள் அவர், பிறந்தது 1809. சிறுமியாக இருந்தபோது அவருக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்தவர் மேரி லாம். ஆமாம், தம்பி சார்லஸோடு சேர்ந்து ஷேக்ஸ்பியர் நாடகங்களைச் சிறுவர் கதைகளாக எழுதிய அதே மேரி லாம்!

1829 ஜூலையில் சாமர்செட்டில் நண்பர்களோடு இருந்தபோது, பைபிளுக்கு இருப்பதுபோல ஷேக்ஸ்பியருக்கு முழுமையான சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டும் பட்டியல், இல்லையே என்று பேச்சு வந்தது. நானே செய்கிறேன் என்று இறங்கிவிட்டார். வயது 20. ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு நடக்கப் போனவர் முதலில் குறித்த சொல் ‘போட்ஸ்வெய்ன்’ (கப்பல் பணியாளர்களின் மேற்பார்வையாளர்). ஒரு சொல் எந்த நாடகத்தில், எந்த அங்கத்தில், எந்தக் காட்சியில் வருகிறது என்று கையாலேயே எழுதித் தொகுக்க 12 ஆண்டு ஆயிற்று. அச்சுப்பிழை பார்த்து வெளியிட இன்னும் 4 ஆண்டு. 1844–45இல் மாதம் ஒன்றாக 18 பகுதிகளாக வந்தது. நாடகங்கள் மட்டும்தான், சானெட்டுகள் என்ற 14 வரிக் கவிதைகள் இல்லை. 1894இல் ஜான் பார்ட்லெட்டின் சொல்லடைவு வரும்வரை இதற்கு ஈடு கிடையாது. அமெரிக்க வாசகர்கள் பணம் திரட்டி அவருக்குச் செதுக்கு வேலைப்பாடுள்ள நாற்காலி ஒன்றை அனுப்பிவைத்தார்கள்.

எனக்கு நீதித் தொகுப்பைவிடச் சொல்லடைவுதான் பெரிது. கடன் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம் என்ற வரியைத் தனியாகப் படித்தால் பெரியவர் வாக்கு மாதிரி இருக்கும். ‘ஹாம்லெட்’டில் அதை மகனுக்குச் சொல்வது பொலோனியஸ். பாரிஸ் போன அதே மகனை வேவு பார்க்கப் பிறகு ஆள் அனுப்புகிறவரும் அவர்தான். வரியை மட்டும் பிய்த்து எடுத்தால் இந்த மனிதர் காணாமல் போய்விடுகிறார். சொல்லடைவோ நம்மை நேரே அந்தக் காட்சிக்கே கொண்டுபோய் விடுகிறது. ஒரு வரி பிடித்துப்போனால் அதைச் சொன்னது யார், எந்த நேரத்தில் என்று தேடிப் படியுங்கள். அப்படித் தேட வழி செய்யத்தான் அவர் 16 ஆண்டு உழைத்தார்.